செலவைக் குறை என்பவர்கள், குறைத்தவருக்கு ஓட்டுப் போடுகிறார்களா?

நடுவரிசை:

ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது, கேட்டுவிடுகிறேன். "அரசாங்கம் கண்டபடி செலவு செய்கிறது, குறைக்க வேண்டும்" என்றால் தலையாட்டாத ஆளை நான் பார்த்ததில்லை. அதே ஆளிடம் பள்ளிக்கூடமா, ஆஸ்பத்திரியா, ஓய்வூதியமா, சாலையா, எதில் கை வைக்கலாம் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஒன்றிலும் வைக்கக் கூடாது, சிலதில் கூட்டியே கொடுக்கலாம் என்பார். இது புதுசும் இல்லை. அமெரிக்காவில் லாயிட் ஃப்ரீ, ஹாட்லி கேன்ட்ரில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1967லேயே இதைத்தான் சொன்னார்கள். பொதுவாகப் பேசும்போது மக்கள் "அரசாங்கம் ஒதுங்கியே இருக்கட்டும்" கட்சி, திட்டம் திட்டமாகக் கேட்டால் "இன்னும் செய்" கட்சி.

எங்கள் குடியிருப்பில் நடந்ததைச் சொல்கிறேன். 64 வீடுகள். பராமரிப்புக் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது, செலவைக் குறை என்று கூட்டத்தில் எல்லோரும் கை தூக்கினார்கள். செயலாளர் விவரமான ஆள். ஒரு சார்ட் பேப்பரில் செலவை எல்லாம் எழுதிச் சுவரில் ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவைக் கையில் கொடுத்து, எது வேண்டாமோ அதற்கு எதிரே ஒரு கோடு போடுங்கள் என்றார். தரைத்தளத்துக்காரர்கள் லிஃப்டுக்கு எதிரே போட்டார்கள். பிள்ளைகள் கல்யாணமாகிப் போனவர்கள் ஊஞ்சல், சறுக்குமரத்துக்கு எதிரே. இரவுக் காவலுக்கு எதிரே ஒரே ஒரு கோடு. யார் போட்டது என்று இன்றுவரை விசாரணை நடக்கிறது. எதற்கும் பெரும்பான்மை வரவில்லை. ஒன்றரை மணி நேரச் சண்டைக்கு அப்புறம் வெட்டப்பட்டது என்ன தெரியுமா? மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவிக்கொண்டிருந்த தண்ணீர்த் தொட்டியை இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவினால் போதும் என்றார்கள். தொட்டி மொட்டை மாடியில் இருக்கிறது. யாரும் ஏறிப் பார்ப்பதில்லை.

நாடும் இப்படித்தான் நடக்கிறதா? செலவைக் குறைத்த அரசுகளுக்குத் தேர்தலில் என்ன ஆனது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒற்றைச் சக்கரம்:

இதில் கேள்வி எங்கே இருக்கிறது? கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. அடுத்தவன் வாங்கினால் வீண்செலவு, நான் வாங்கினால் உரிமை. வாக்காளர் என்பவர் ஊருக்கு உபதேசம் செய்கிற ஆள், அவ்வளவுதான். உங்கள் சார்ட் பேப்பரே சாட்சி.

தும்பை:

சக்கரம் அண்ணே, எல்லோரையும் வேஷக்காரர் என்று சொல்லிவிட்டால் வேலை சுலபமாக முடிந்துவிடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாதி விஷயம் கேள்வியிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் பொதுச் சமூக ஆய்வில் ஒரே விஷயத்தை இரண்டு வார்த்தையில் கேட்டுப் பார்க்கிறார்கள். "வெல்ஃபேர்" செலவு கூடுதலா, குறைவா என்றால் கூடுதல் என்கிறார்கள். "ஏழைகளுக்கான உதவி" கூடுதலா, குறைவா என்று கேட்டால் போதவில்லை என்கிறார்கள். பல வருஷமாக இந்த வித்தியாசம் மாறாமல் வருகிறது. ஒரு வார்த்தையைக் கேட்டதும் சோம்பேறியாக உட்கார்ந்து தின்கிற யாரோ ஒருவன் கண்ணில் தெரிகிறான், இன்னொரு வார்த்தைக்குப் பசித்த குழந்தை தெரிகிறது.

அப்புறம் பணம் எங்கே போகிறது என்பதே பலருக்குத் தெரியாது. வெளிநாட்டு உதவிக்கு மத்திய பட்ஜெட்டில் எவ்வளவு போகிறது என்று அமெரிக்கர்களிடம் கேட்டால் சராசரியாக நாலில் ஒரு பங்கு என்கிற மாதிரி பதில் வரும். நிஜத்தில் 1 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்து வந்திருக்கிறது. நாலில் ஒரு பங்கு வெளியே போகிறது என்று நிஜமாகவே நம்புகிறவர், ஓய்வூதியத்தைத் தொடாமலே பட்ஜெட்டைச் சரிசெய்யலாம் என்று நினைப்பதில் தப்பு என்ன? கணக்கு தப்பு, மனசு தப்பில்லை.

வாங்குகிறவருக்கே தான் வாங்குவது தெரியாத கதையும் உண்டு. சூசன் மெட்லர் என்ற பேராசிரியர் 2008 கருத்துக்கணிப்பு ஒன்றை வைத்து எழுதியிருக்கிறார். அரசின் சமூகத் திட்டம் எதையாவது நீங்கள் பயன்படுத்தியதுண்டா என்று கேட்டதற்கு 57 சதவீதம் பேர் இல்லை என்றார்கள். பிறகு 21 திட்டங்களைப் பெயர் சொல்லிக் கேட்டால், இல்லை என்றவர்களிலேயே 94 சதவீதம் பேர் ஏதாவது ஒன்றை அனுபவித்திருந்தார்கள். வீட்டுக்கடன் வட்டிக்கு வரிக்கழிவு, படிப்புக்கடன் என்று. வரிக்கழிவை யாரும் அரசு கொடுத்த காசாகப் பார்ப்பதில்லை, தன் காசை அரசு எடுக்காமல் விட்டதாகத்தான் பார்க்கிறார்கள். 2009ல் தென் கரோலினாவில் ஒரு பொதுக்கூட்டத்தில் ஒருவர் எழுந்து, என் மெடிகேரில் (முதியோருக்கான மருத்துவக் காப்பீடு) அரசாங்கம் கை வைக்கக் கூடாது என்று தன் எம்.பி.யிடம் சொன்னது ரொம்பப் பிரபலம். மெடிகேரே அரசாங்கத்தின் திட்டம்தான்.

ஒற்றைச் சக்கரம்:

சரி, வேஷம் இல்லை, அறியாமை. இதில் என்ன முன்னேற்றம் என்று புரியவில்லை.

கணக்கு மேஜை:

முப்பது வருஷம் ஓர் அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் உட்கார்ந்தவன் நான், பெயர் வேண்டாம். நடுவரிசை சொன்ன தொட்டிக் கதையைப் படித்ததும் சிரித்துவிட்டேன், ஏனென்றால் என் வேலையே அதுதான்.

"செலவில் பத்து சதவீதம் குறைக்கவும்" என்று ஆண்டின் நடுவில் ஒரு சுற்றறிக்கை வரும். பேரேட்டை விரித்து வைப்போம். சம்பளம், தொட முடியாது. ஓய்வூதியம், தொட முடியாது. கடனுக்கு வட்டி, அதை நினைக்கவே கூடாது. ஏற்கனவே கையெழுத்தான ஒப்பந்தம், தொட்டால் கோர்ட்டுக்குப் போவான். இதெல்லாம் போக மீதி இருப்பது கொஞ்சம்தான். மொத்தத்தில் பத்து சதவீதம் அந்தக் கொஞ்சத்திலிருந்து வர வேண்டும் என்றால், அந்தக் கொஞ்சத்தில் பாதி போய்விடும். அது என்ன? கட்டடப் பராமரிப்பு, வண்டி ரிப்பேர், பயிற்சி, புதுக் கருவி வாங்குவது, காலியான இடத்துக்கு ஆள் எடுப்பது. இவற்றில் எதை நிறுத்தினாலும் அன்றைக்கு ஒரு குரலும் வராது.

நானே கையெழுத்துப் போட்ட ஒரு கோப்பு ஞாபகம் இருக்கிறது. பதிவேடுகள் வைக்கும் அறையில் கூரை ஒழுகுகிறது, ஓடு மாற்ற வேண்டும். "நிதி நிலைமை கருதி அடுத்த ஆண்டு பரிசீலிக்கலாம்" என்று எழுதினேன். அடுத்த ஆண்டும் அதையே எழுதினேன், தேதியை மட்டும் மாற்றி. மூன்றாவது மழைக்கு இரண்டு அலமாரிப் பதிவேடுகள் ஊறிப்போய், காய வைத்து, நகல் எடுத்து, பைண்டிங் செய்து... அந்தச் செலவு ஓடு மாற்றும் செலவைப்போல நான்கு மடங்கு. அது வேறு தலைப்பில் வந்ததால் யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. குறைத்த வருஷத்தில் எங்களுக்குப் பாராட்டுக் கடிதம்கூட வந்தது.

ஆகவே மக்கள் செலவைக் குறைக்கச் சொல்கிறார்களா, ஓட்டு எப்படிப் போடுகிறார்கள் என்பதெல்லாம் மேலே நடக்கிற பேச்சு. கீழே என் மேஜைக்கு வரும்போது அது ஒரே கேள்வியாகிவிடும்: எதை வெட்டினால் சத்தம் வராது? வீணான செலவு எது என்று யாரும் என்னிடம் கேட்டதே இல்லை.

புறாக்கூடு:

கணக்கு மேஜை சார் எழுதியதை அரசியல்வாதியின் பக்கமிருந்து பால் பியர்சன் என்பவர் 1990களில் எழுதினார். சலுகை கொடுப்பது பெயர் வாங்குகிற அரசியல், சலுகையைப் பறிப்பது பழியிலிருந்து தப்பிக்கிற அரசியல் என்பார். இழப்பு குறிப்பிட்ட கொஞ்சம் பேருக்குச் சுள்ளென்று தைக்கும். லாபமோ எல்லோருக்கும் கொசுறு மாதிரி சிதறிப்போகும், யாரும் அதற்கு நன்றி சொல்ல மாட்டார்கள்.

ஆனால் தேர்தல் கணக்கு நடுவரிசை நினைக்கிற அளவுக்கு நேர்க்கோடு இல்லை. அல்பெர்டோ அலெசினா இன்னும் இரண்டு பேருடன் சேர்ந்து, வளர்ந்த நாடுகள் 19ஐ எடுத்து 1975 முதல் 2008 வரை பார்த்தார். பற்றாக்குறையைப் பெரிதாகக் குறைத்த அரசுகள் எப்போதும் தோற்கின்றன என்பதற்கு ஆதாரம் இல்லை என்பதுதான் முடிவு.

கனடாவைப் பாருங்கள். 1995 பிப்ரவரி பட்ஜெட், ழான் க்ரெத்தியேன் பிரதமர், பால் மார்ட்டின் நிதி அமைச்சர். வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு வட்டிக்கே போய்க்கொண்டிருந்த நேரம். 45,000 அரசு வேலைகளைக் குறைப்பதாக அறிவித்தார்கள், மாகாணங்களுக்குக் கொடுக்கும் பணத்தையும் வெட்டினார்கள். 1997 தேர்தலில் 177 இடம் 155 ஆனது, ஆனாலும் பெரும்பான்மை, ஆட்சி தொடர்ந்தது. லாட்வியா 2009ல் ஆசிரியர் சம்பளத்தையே வெட்டிய நாடு. 2010 அக்டோபரில் வால்டிஸ் டோம்ப்ரோவ்ஸ்கிஸின் கூட்டணி 100க்கு 33 இடம் வாங்கி முதலிடம், அவரே திரும்பவும் பிரதமர்.

வெட்டினால் தோற்பாய் என்பது அரசியல்வாதிகள் தங்களுக்கே சொல்லிக்கொள்ளும் சாக்கு என்று எனக்குத் தோன்றும்.

தும்பை:

கனடாவை உதாரணம் காட்டுகிறவர்கள் எல்லோரும் மொத்த எண்ணோடு நிறுத்திக்கொள்கிறார்கள், அதுதான் எனக்கு எரிச்சல். நோவா ஸ்கோஷியா என்று ஒரு மாகாணம், 11 தொகுதி. 1993ல் பதினொன்றும் க்ரெத்தியேனின் லிபரல் கட்சிக்கு. 1997ல் ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் நியூ பிரன்ஸ்விக்கில் டக் யங் என்ற அமைச்சரே தொகுதியை இழந்தார். காரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். வேலையில்லாக் காப்பீட்டை 1996ல் மாற்றி எழுதினார்கள். வருஷத்தில் சில மாதம் மீன்பிடி, மீன் பதப்படுத்தும் ஆலை, மரவேலை, மீதி மாதம் அந்தக் காப்பீட்டுப் பணம் என்று வாழ்கிற கடலோரம் அது. அங்கே வெட்டு முகத்தில் விழுந்தது, அங்கே ஓட்டும் போனது. டொராண்டோவுக்கு அது செய்தித்தாள் எண். அந்த வருஷம் டொராண்டோ இருக்கும் ஒண்டாரியோ மாகாணத்தில் 103 தொகுதியில் 101 லிபரல்கள் ஜெயித்தார்கள்.

மாகாணங்களுக்கான பணத்தை வெட்டினார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆஸ்பத்திரி வார்டை மூடியது யார்? மாகாண அரசு. திட்டு வாங்கியது யார்? அதுவும் அவர்கள்தான். கத்தி ஒருவர் கையில், ரத்தக்கறை இன்னொருவர் சட்டையில்.

புறாக்கூடு:

ஒண்டாரியோ அடி சரியான அடி. ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அதுவும் என் கட்சிக்குத்தானே சாதகம்? எங்கே, யாரிடம் வெட்டுகிறாய் என்பதைப் பொறுத்துப் பிழைக்கலாம் என்றுதானே ஆகிறது.

தும்பை:

பிழைக்கலாம். யாரை வெட்டிப் பிழைக்கிறாய் என்பதுதான் பிரச்சினையே. பிரிட்டனில் 2010க்கு அப்புறம் நடந்ததைப் பாருங்கள். கன்சர்வேடிவ்களும் லிபரல் டெமாக்ரட்களும் சேர்ந்து ஆண்டார்கள், சேர்ந்துதான் வெட்டினார்கள். 2015ல் கன்சர்வேடிவ்களுக்குத் தனிப் பெரும்பான்மை, இன்னொரு பங்காளி 57 இடத்திலிருந்து 8க்கு விழுந்தது. கன்சர்வேடிவ் வாக்காளர் கேட்டது கிடைத்தது, லிபரல் டெமாக்ரட் வாக்காளர் கேட்டதற்கு நேர் எதிர் கிடைத்தது. தவிர, வெட்டு விழுந்த இடம்: உள்ளாட்சிக்கான மானியம், வேலை செய்யும் வயதில் இருப்பவர்களுக்கான உதவித்தொகை. 2016லிருந்து நாலு வருஷம் அந்த உதவித்தொகையில் பெரும்பாலானவற்றை ஏற்றாமல் அப்படியே உறைய வைத்தார்கள். விலை ஏற ஏறத் தொகை தானாகத் தேய்ந்துபோகும், ஒரு நாளும் "இன்று வெட்டினோம்" என்று சொல்ல வேண்டியதில்லை. ஓய்வூதியத்தை மட்டும் விலைவாசி, சம்பள உயர்வு, 2.5 சதவீதம், இந்த மூன்றில் எது அதிகமோ அந்த அளவுக்கு ஏற்றுவோம் என்று உத்தரவாதம். வயதானவர்கள் தவறாமல் ஓட்டுப் போடுவார்கள், இளைஞர்களில் பாதிப் பேர் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். வேறு காரணம் வேண்டுமா?

அந்த விதியை மீறினால் என்ன ஆகும் என்பதற்கும் அங்கேயே பாடம் இருக்கிறது. 2024 ஜூலையில் ஆட்சிக்கு வந்த கையோடு லேபர் அரசு, ஓய்வூதியக்காரர்களின் குளிர்கால எரிபொருள் உதவியைப் பெரும்பாலானோருக்கு நிறுத்தியது. சுமார் 1 கோடி பேருக்குப் போய்விட்டது. மிச்சம் 140 கோடி பவுண்டு என்று கணக்குச் சொன்னார்கள். அந்த நாட்டு பட்ஜெட்டில் அது கடலில் கரைத்த பெருங்காயம். ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் பெயர் எழுதி வந்துகொண்டிருந்த பணம், குளிர்காலத்தில் வராமல் போனது. 2025 மே உள்ளாட்சித் தேர்தலில் பலத்த அடி, ஜூனில் 35,000 பவுண்டு வருமானம் வரை இருப்பவர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பணமும் மிஞ்சவில்லை, பெயரும் மிஞ்சவில்லை.

ஒற்றைச் சக்கரம்:

அயர்லாந்தை விட்டுவிட்டீர்கள். 2008 அக்டோபரில் 70 வயதுக்கு மேற்பட்டவர்கள் எல்லோருக்கும் இருந்த இலவச மருத்துவ அட்டையைப் பிடுங்கப் பார்த்தார்கள், பாட்டி தாத்தாக்கள் ஆயிரக்கணக்கில் நாடாளுமன்ற வாசலுக்கு வந்துவிட்டார்கள், அரசு ஒரு வாரத்தில் இறங்கி வந்தது. 2011ல் அந்த ஆளுங்கட்சி, ஃபியன்னா ஃபாயில், 77லிருந்து 20 இடத்துக்கு விழுந்தது.

நான் முதலில் சொன்னதையே சொல்கிறேன். என் வீட்டு வாசலுக்கு வராதவரை சிக்கனம் நல்ல கொள்கை.

கணக்கு மேஜை:

அயர்லாந்தில் வங்கிகளே கவிழ்ந்து 2010ல் வெளியே போய்க் கடன் வாங்கிய கதையும் சேர்ந்து இருக்கிறது. விழுந்தது மருத்துவ அட்டையால் மட்டும் என்று சொல்ல முடியாது. கிரீஸும் அப்படித்தான். அங்கே வெட்டிய பாசோக் கட்சிக்கு 2009ல் 43.9 சதவீத ஓட்டு, 2012 மேயில் 13.2. வீடே எரியும்போது யார் தீக்குச்சி கிழித்தது என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

அலெசினா ஆய்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோற்றுப்போவோம் என்று தெரிந்தவன் வெட்ட மாட்டான். நாற்காலி கெட்டியாக இருக்கிறவன்தான் துணிந்து வெட்டுவான். அப்புறம் எண்ணிப் பார்த்து, வெட்டியவர்கள் தோற்கவில்லையே என்றால்? நீச்சல் தெரிந்தவர்கள் மட்டும் இறங்கிய குளத்தில் யாரும் மூழ்கவில்லை என்பது மாதிரி.

வேம்படி:

எல்லோரும் கட்சித் தேர்தலையே பேசுகிறீர்கள். கட்சிக்கு ஓட்டுப் போடும்போது ஆயிரம் காரணம் கலந்திருக்கும், தலைவர் முகம், ஊழல், எதிரணி எப்படி என்று. திட்டத்துக்கு நேராக ஓட்டுப் போடுகிற இடத்தைப் பார்க்கலாமே. சுவிட்சர்லாந்து. 2001 டிசம்பரில் அரசு வரவுக்கு மேல் செலவு செய்யாமல் கட்டிப்போடும் கடன் தடை விதியை அரசியல் சட்டத்தில் எழுதலாமா என்று கேட்டார்கள். 85 சதவீதம் பேர் சரி என்றார்கள். 2024 மார்ச் 3 அன்று ஓய்வூதியத்தில் வருஷத்துக்குப் பதின்மூன்றாவது மாதத் தவணை ஒன்று சேர்க்கலாமா என்று கேட்டார்கள். 58 சதவீதம் சரி. அதே நாள், அதே பெட்டியில், ஓய்வு வயதை 66க்கு ஏற்றலாமா என்றதற்குக் கிட்டத்தட்ட 75 சதவீதம் வேண்டாம். பதின்மூன்றாவது தவணைக்குப் பணம் எங்கிருந்து என்பது அந்தச் சீட்டில் கேட்கப்படவே இல்லை.

கலிஃபோர்னியாவும் இதேதான். 1978ல் 13ஆம் முன்மொழிவு, சொத்து வரிக்கு 1 சதவீத உச்சவரம்பு, ஏறத்தாழ 65 சதவீத ஆதரவு. பத்து வருஷம் கழித்து 1988ல் 98ஆம் முன்மொழிவு, பள்ளிகளுக்கு இவ்வளவு கொடுத்தே ஆக வேண்டும் என்று, மயிரிழையில் ஜெயித்தது. வரவுக்கு ஒரு நாள் ஓட்டு, செலவுக்கு இன்னொரு நாள் ஓட்டு.

ஒற்றைச் சக்கரம்:

பார்த்தீர்களா! நேரடியாகக் கேட்டாலும் கூழும் மீசையும்தான்.

வேம்படி:

அவசரப்படாதீர்கள். அதே சுவிஸ் மக்கள் 2012ல் எல்லோருக்கும் ஆறு வாரச் சம்பள விடுமுறை வேண்டுமா என்று கேட்டபோது மூன்றில் இரண்டு பங்கு பேர் வேண்டாம் என்றார்கள். 2016ல் ஓய்வூதியத்தைப் பத்து சதவீதம் ஏற்றலாமா என்றபோதும் வேண்டாம், 59 சதவீதம். சும்மா கொடுத்தால் வாங்கிக்கொள்ளும் கூட்டம் என்றால் இதெல்லாம் நடந்திருக்காது. விலை கண்ணுக்குத் தெரிந்தபோது யோசித்தார்கள் என்றுதான் நான் படிக்கிறேன். 2024ல் விலைச்சீட்டைக் கிழித்துவிட்டுப் பொருளை மட்டும் காட்டினார்கள்.

புறாக்கூடு:

இது ஒப்புக்கொள்ளும்படி இருக்கிறது. 2016க்கும் 2024க்கும் நடுவில் விலைவாசி ஏறியதும் ஒரு காரணம் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கு மேஜை:

எல்லோரும் நன்றாகப் பேசுகிறீர்கள். ஒரு சின்னப் பரீட்சை வைக்கிறேன். உங்களுக்கு அல்லது உங்கள் வீட்டில் ஒருவருக்கு நஷ்டம் வரும்படியான மூன்று வெட்டுகளை எழுதுங்கள். அமைச்சர் வண்டி, விளம்பரம், வெளிநாட்டுப் பயணம், ஊழல் இவை செல்லாது. இவற்றை என் மேஜையில் நூறு தடவை கூட்டிப் பார்த்திருக்கிறேன், வட்டித் தொகையில் ஒரு வாரத்துக்குக் காணாது. ஊழலைச் செலவு என்று எந்தத் தலைப்பிலும் எழுதுவதில்லை, அதனால் அதை வெட்டவும் வழியில்லை, பிடிக்கத்தான் வேண்டும்.

ஒற்றைச் சக்கரம்:

ஒன்று, என் வீட்டுக்கடனுக்கு வரும் வரிக்கழிவு. இரண்டு, நான் போகிற ரயில் பாஸில் இருக்கும் தள்ளுபடி. மூன்று, யோசித்துச் சொல்கிறேன்.

தும்பை:

சக்கரம் அண்ணே யோசிக்கப் போய் இரண்டு நாளாகிறது.

என்னுடையது: பிள்ளைகள் பெயரில் வரும் உதவியில் வருமான வரம்பு வைக்கலாம், எங்களுக்குப் போய்விடும், தாங்குவோம். என் பெரிய படிப்புக்குக் கிடைத்த மானியத்தைக் குறைத்து, இப்போதைய கட்டணத்தைக் கொஞ்சம் கூட்டலாம். ஆனால் நான் படித்து முடித்துவிட்டேன் என்பதால் இது ஏமாற்று என்று வீட்டில் சொல்கிறார்கள். மூன்றாவது எனக்கும் வரவில்லை.

நடுவரிசை:

நானும் உட்கார்ந்து எழுதினேன். முதல் இரண்டு வேகமாக வந்தன. மூன்றாவதாக அப்பாவின் மருந்துச் செலவில் அரசு ஏற்கும் பங்கு என்று எழுதினேன், எங்களால் கட்ட முடியும் என்பது கணக்குப்படி உண்மை. அழித்துவிட்டேன். அப்புறம் திரும்ப எழுதி, திரும்ப அழித்தேன். கருத்துக்கணிப்புக்காரர் கேட்டிருந்தால் நான் "செலவைக் குறைக்க வேண்டும்" பெட்டியில்தான் டிக் போட்டிருப்பேன், அதில் பொய்யும் இருந்திருக்காது.

கணக்கு மேஜை:

அழித்ததைச் சொன்னீர்களே, அது போதும், பரீட்சையில் பாஸ். அது இருக்கட்டும், அந்தத் தொட்டி என்ன ஆயிற்று?

நடுவரிசை:

உங்கள் கூரைக் கதையைப் படித்ததிலிருந்து அரித்துக்கொண்டே இருந்தது சார். நேற்று டார்ச்சோடு ஏறிப் பார்த்தேன். அடியில் ஒரு விரற்கடை சேறு, மூடியின் ஓரம் உடைந்திருக்கிறது, உள்ளே ஒரு புறா இறகு மிதக்கிறது. போட்டோ எடுத்துச் செயலாளருக்கு அனுப்பினேன். "சரி, அடுத்த கூட்டத்தில் வைக்கலாம்" என்று பதில் வந்திருக்கிறது. கழுவுகிற முறை இன்னும் நாலு மாதம் கழித்துத்தான்.